மயிலுக்கு யார் வீட்டுப் போர்வை?

நாகர்கோவிலுக்குப் போன் செய்தால் இப்போதெல்லாம் மழை உண்டா, உடம்புக்கு எப்படி, பையன் எந்த காலேஜ் என்ற மூன்று விசாரிப்புகளுக்கு அடுத்து, நாலாவதாக ஒரு தகவல் தவறாமல் வருகிறது. ‘‘எங்க வீட்டுக்கு மயில் வருது, தெரியுமா?’’

சொல்கிறவர் குரலில் அப்படியொரு பெருமை. மகனுக்கு அமெரிக்க விசா கிடைத்ததைச் சொல்லும்போதுகூட அவ்வளவு பெருமை இருக்காது.

காம்பவுண்டு சுவர் மேல் காக்காய்க்கு ஒரு பிடி சோறு வைப்பது நம் ஊரில் பழைய வழக்கம். அந்தச் சோற்றை இப்போது மயில் வந்து கொத்துகிறது. காக்காய் நாலடி தள்ளி உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் வி.ஐ.பி. புகுந்த கதைதான். வீட்டுக்காரர் மொபைலை எடுக்கிறார். முதலில் போட்டோ, அப்புறம் வீடியோ. மறுநாள் சோறோடு கொஞ்சம் பச்சரிசி. அதற்கு மறுநாள் கம்பு. ஒரு வாரத்தில் மயிலுக்கென்று தனித் தட்டு, தனி நேரம். ‘‘சாமி வாகனம் தேடி வந்திருக்கு, நல்ல காலம் பொறந்தாச்சு’’ என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சர்டிபிகேட்டும் கொடுத்துவிடுகிறார்.

இந்தச் சந்தோஷத்தில் மண்ணை அள்ளிப் போடத்தான் இந்த வாரக் கட்டுரை. மயில் மீது எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அது பாவம், பசித்த இடத்தில் தின்கிறது. என் கேள்வி தட்டு வைத்தவர்களிடம். இந்தப் பறவை ஏன் வந்தது என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? அது தின்கிற நெல்லுக்கு யார் பில் கட்டுகிறார்கள் என்றாவது கேட்டீர்களா?

எங்கள் தலைமுறை பள்ளிக்கூடத்தில் படித்தபோது மயிலிறகு எப்படிப்பட்ட சொத்து என்பது நாற்பது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நோட்டுப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து, தீனி போட்டு, அது குட்டி போடும் என்று தினம் பிரித்துப் பார்த்த கூட்டம் நாங்கள். ஒரு பீலி கைக்கு வர எத்தனை பேரம், எத்தனை கெஞ்சல்! அத்தனை மவுசுக்குக் காரணம், நாஞ்சில் நாட்டில் மயில் அவ்வளவு அபூர்வம். வேளிமலை குமாரகோவிலில் வாகனமாகப் பார்ப்போம். காலண்டரில் பார்ப்போம். வீட்டுப் புழக்கடையில் பார்த்ததில்லை.

இது என் ஞாபகம் மட்டும் இல்லை. 1933-ல் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். அப்போது நம் ஜில்லாவும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அந்தக் கணக்கெடுப்பில் அவர் கண்ணில் மயிலே படவில்லை என்கிறார்கள் கேரள ஆராய்ச்சியாளர்கள். இன்றைக்கு? 2023-ல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கையைப் பாருங்கள். ஒரு காலத்தில் மிக அரிதாக இருந்த கேரளத்தில் இப்போது மயில் இல்லாத மாவட்டமே கிடையாது என்கிறது. நாடு முழுவதும் இரண்டு பத்தாண்டுகளில் மயிலின் பெருக்கம் 150 சதவீதத்துக்கும் மேல்.

‘‘நல்ல விஷயம்தானே சார்! இயற்கை செழிக்குதுன்னு அர்த்தம்’’ என்பீர்கள்.

சரி, அதே அறிக்கையின் அடுத்த பக்கத்தையும் படிப்போம். நீண்ட கால ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட முடிந்த பறவை இனங்கள் 338. அதில் குறைந்திருப்பவை 204. கிட்டத்தட்ட அதே அளவில் இருப்பவை 98. கூடியிருப்பவை வெறும் 36. சந்தையில் நூற்றுக்கு அறுபது பங்கு விழுந்துகொண்டிருக்கும்போது ஒரே ஒரு பங்கு மட்டும் ஜிவ்வென்று ஏறினால், விவரம் தெரிந்த முதலீட்டாளன் பட்டாசு வெடிக்க மாட்டான். ‘இதுல என்னமோ இருக்கு’ என்று சந்தேகப்படுவான். மயில் விஷயத்தில் நாம் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கிறோம்.

மயிலுக்குப் பிடித்த இடம் எது? வறண்ட காடு, புதர், கல்லும் முள்ளுமான மேடு. கணவாய்க்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமை அதற்குப் பழைய ஊர். ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் இரண்டு மழையும் பெய்கிற ஈர நாடு. இடவப்பாதியும் உண்டு, துலாமாச மழையும் உண்டு. கோதையாறு, பழையாறு, சானல்கள், குளங்கள். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் தண்ணீர் நிற்கிற வயல்கள். மயில் தரையில், புதர் மறைவில் முட்டையிடுகிற பறவை. கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிற நாற்றுக்கு நடுவில் அது எங்கே குடும்பம் நடத்தும்?

தமிழ் படித்தவர்களுக்கு இதை இன்னும் சுலபமாகச் சொல்லலாம். ஐந்திணைக்கும் கருப்பொருள் மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மயில் குறிஞ்சிக்கு உரிய பறவை. நாஞ்சில் நாடு அசல் மருதம். ‘நாஞ்சில்’ என்றாலே கலப்பை. மருதத்துக்கு உரியவை நாரையும் குருகும் கம்புள் கோழியும். பரீட்சையில் மருதத்துக்கு மயில் என்று எழுதினால் தமிழ் வாத்தியார் முட்டை போடுவார். இன்றைக்கு நம் வயக்காடே அந்தத் தப்பான விடையை எழுதிக்கொண்டிருக்கிறது. நாம் அதற்கு நூற்றுக்கு நூறு மார்க் போட்டு லைக்கும் கொடுக்கிறோம்.

கேரள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கேரளத்தின் நிலப்பரப்பில் 19 சதவீதம் இப்போது மயிலுக்கு ஏற்றதாக இருக்கிறதாம். வெப்பமும் வறட்சியும் போகிற போக்கில் 2050 வாக்கில் அது 40 சதவீதத்தைத் தாண்டும் என்பது அவர்கள் மதிப்பீடு. அதாவது, மயில் பெருகுகிறது என்றால் அந்த ஈரநாடு வறண்டுகொண்டு வருகிறது என்பதற்கு அது ஒரு அடையாளம். ஆடிட்டர் சிவப்பு மையில் எழுதிய குறிப்பை நாம் வாழ்த்து அட்டை என்று நினைத்து பிரேம் போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

வறட்சி மட்டும்தான் காரணம் என்று சொல்லவில்லை. 1963-ல் மயில் தேசியப் பறவை ஆனது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மயில் முதல் அட்டவணையில். வேட்டையாடினால் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் ஜெயில். அதனால் துப்பாக்கிக்கும் கண்ணிக்கும் தப்பித்தது. முட்டையையும் குஞ்சையும் தின்று கணக்கை நேர் செய்துகொண்டிருந்த நரிகள் ஊர்ப் பக்கத்தில் அற்றுப்போயின. நாம் கொட்டுகிற மிச்சச் சோறு வேறு. இவை எல்லாம் நாடு முழுக்கப் பொருந்தும் காரணங்கள்.

நாஞ்சில் நாட்டுக்கென்று தனியாக ஒரு காரணம் இருக்கிறது. அதன் பெயர் பிளாட்.

ஒரு நஞ்செய் எப்படிச் சாகிறது என்று படிப்படியாகப் பாருங்கள். சானல் தண்ணீர் கடைமடைக்கு வராது. அறுப்புக்கு ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் கூலி கட்டாது. நெல்லை விட்டு வாழைக்கும் தென்னைக்கும் மாறுவார்கள். பிள்ளைகள் வளைகுடாவுக்கோ பெங்களூருக்கோ போனபின், கன்னிப்பூவும் இல்லை, கும்பப்பூவும் இல்லை, வயல் சும்மா கிடக்கும். இரண்டு வருஷம் சும்மா கிடந்தால் உண்ணிச்செடியும் எருக்கும் ஆளுயரத்துக்கு வளரும். ‘‘இது விவசாயத்துக்கு லாயக்கில்லாத நிலமாக்கும்’’ என்று சொல்ல வசதியாக இருக்கும். அப்புறம் செம்மண் லாரி வரும். நாலு மூலையிலும் கல் நடுவார்கள். வளைவு கட்டி, வயலைக் கொன்ற இடத்துக்கே ‘பசுமை நகர்’ என்று பெயரும் வைப்பார்கள்.

இந்த நாடகத்தில் வயல் தரிசாகி, தரிசு பிளாட் ஆகும்வரை ஒரு இடைவேளை இருக்கிறது பாருங்கள், அந்த இடைவேளையில்தான் மயில் குடியேறுகிறது. புதர் இருக்கிறது, முட்டையிடலாம். பக்கத்தில் இன்னும் யாரோ ஒருவர் பிடிவாதமாக நெல் போட்டிருக்கிறார், தின்னலாம். புதரும் போய் கான்கிரீட் வந்தபின் நம் காம்பவுண்டு சுவருக்கு வருகிறது. நாம் தட்டு வைக்கிறோம். தட்டு வைக்கிற வீடே சில இடங்களில் பழைய வயல் மேல்தான் நிற்கிறது என்பது தனிக்கதை.

நான் படித்தது பி.காம். அதில் மறக்காமல் இருப்பது இரட்டைப் பதிவு முறை. ஒரு கணக்கில் வரவு எழுதினால் இன்னொரு கணக்கில் பற்று எழுதியே தீரவேண்டும். நகரத்து வீட்டில் மயில் ஆடினால் நமக்கு வரவு: அழகு, பக்தி, போட்டோ. பற்று எழுதப்படுவது யார் கணக்கில்?

இன்னும் நெல் போடுகிறாரே, அந்தப் பிடிவாதக்காரர் கணக்கில்.

தோவாளை, பூதப்பாண்டி, தாழக்குடி என்று வயக்காட்டுப் பக்கம் நடந்து பாருங்கள். அங்கே மயில் பற்றிய பேச்சில் ‘அழகு’ என்ற வார்த்தை வராது. நாற்றங்காலில் விதைத்த நெல்லைக் கொத்தும். கதிர் பால் பிடித்ததும் இறங்கும். தின்பதை விட மிதித்துச் சாய்ப்பது அதிகம். கொல்லையில் போட்ட காய்கறியும் தப்பாது. ‘‘வெரட்டலாம்னா சாமி வாகனமாக்கும், கல்லெறியப்பிடாதுன்னு பொம்பளையாட்கள் சண்டைக்கு வாறாவ. எறிஞ்சாலோ ஜெயில். என்னத்த சொல்லதுக்கு?’’ இதுதான் அங்கே கேட்கிற தொனி. அநேகம் பேர் சொந்த நிலத்துக்காரர்கள்கூட இல்லை. குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர்கள். மயில் தின்றதற்காகக் குத்தகை குறையாது.

இந்தக் கோபம் முற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் மதுரைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட மயில்கள் செத்துக் கிடந்தன. விஷம் கலந்த நெல். இது குற்றம், கொடூரம். சந்தேகமே இல்லை. ஆனால், விஷம் வைத்தவரைப் பிடித்து உள்ளே போடுவதோடு நம் கடமை முடிந்துவிட்டதா? வருஷக்கணக்காக ஒருவர் கணக்கில் மட்டும் பற்று எழுதிக்கொண்டே போனால், ஒரு நாள் அவர் பேரேட்டையே கொளுத்துவார்.

மேலே இருப்பவர்களுக்காவது கணக்குப் புரிகிறதா என்றால், அங்கே வேடிக்கைதான் நடக்கிறது. 2016-ல் கோவா அரசு, பயிரை அழிக்கிறது என்று சொல்லி மயிலைத் தொல்லைப் பிராணிகள் பட்டியலில் சேர்க்க யோசித்தது. 2017-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், மயில் வாழ்நாள் பிரம்மச்சாரி, அதன் கண்ணீரைக் குடித்துத்தான் பெண் மயில் கருவுறுகிறது என்று நிருபர்களிடம் விளக்கினார். 2020 ஆகஸ்டில் பிரதமரே தன் இல்லத்தில் மயிலுக்குத் தீனி கொடுக்கும் வீடியோவை வெளியிட்டார். ஒருவர் சுடலாம் என்கிறார், ஒருவர் கும்பிடலாம் என்கிறார், ஒருவர் ஊட்டலாம் என்கிறார். நெல் போட்டவன் என்ன ஆனான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சுடுவது தீர்வு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மயிலைச் சுட்டால் மயில் குறையும். தரிசு குறையுமா? தண்ணீர் வருமா? ஜுரம் வந்ததும் தெர்மாமீட்டரை உடைக்கிற புத்திசாலித்தனம் அது. வயலுக்கு ஆபத்து மயிலால் வரவில்லை. வயல் முக்கால்வாசி செத்தபின், மிச்சம் இருக்கிற கால்வாசியில் மொத்த மயிலும் இறங்குகிறது. பத்து ஏக்கரில் பரவித் தின்றால் தெரியாத நஷ்டம், ஒரு ஏக்கரில் குவிந்து தின்னும்போது கழுத்தை நெரிக்கிறது.

ஊட்டலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வைக்கிற தட்டு மயிலுக்கும் நல்லதில்லை. தீனிக்குப் பழகிய மயிலுக்கு மனுஷ பயம் போய்விடும். தெருநாய் பிடிக்கும், ரோட்டில் அடிபடும், கரண்டு கம்பியில் மோதும். கோழிகளைத் தாக்கும் ராணிக்கெட் நோய் மயிலுக்கும் வரும். ஒரே தட்டில் கோழியும் மயிலும் கொத்தினால் நோயையும் பகிர்ந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் தட்டை நம்பி அந்த ஏரியாவில் தங்கிவிட்ட மயில், உங்கள் தட்டு காலியானதும் பக்கத்து வயலுக்குத்தான் போகும். காலையில் உங்கள் வீட்டில் டிபன், மத்தியானம் விவசாயி வீட்டில் சாப்பாடு. டிபனுக்கான புண்ணியம் மட்டும் உங்கள் கணக்கில்!

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. வந்த பறவைக்குப் போன் வருகிறது. போன பறவைக்கு யாரும் போன் செய்வதில்லை.

‘‘எங்க வீட்டுப் பக்கம் இப்ப நாரையே காணும்’’ என்று யாராவது உங்களிடம் பதறியதுண்டா? உழுகிற வயலில் ஏர் பின்னாலேயே நடந்து வருமே கொக்குக் கூட்டம், அது எப்போது நின்றது என்று தேதி சொல்ல முடியுமா? கோட்டாறு சந்தைக்குப் போகிற வழியில், பார்வதிபுரத்தில், சுசீந்திரம் ரோட்டில் பச்சைப் பட்டாக விரிந்த பத்துகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோது, அவற்றோடு சேர்ந்து போனதை யார் எண்ணினார்கள்? அபூர்வமாகக் கிடைத்ததைக் கொண்டாடுகிற நாம், சாதாரணமாக இருந்தது காணாமல் போவதைக் கவனிப்பதில்லை.

பெருமை பேச நமக்கு விஷயம் இல்லாமல் இல்லை. 2022 ஆகஸ்டில் வேம்பனூர் குளத்துக்கும், சுசீந்திரம் - தேரூர் குளங்களுக்கும் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. 1971-ல் ஈரான் நாட்டு ராம்சர் நகரத்தில் போட்ட உலக ஒப்பந்தத்தின்படி முக்கியமான ஈரநிலங்கள் என்ற பட்டம். ஒரு சின்ன ஜில்லாவில் இரண்டு! வேம்பனூர் சுமார் 20 ஹெக்டேர், சுசீந்திரம் - தேரூர் சுமார் 94 ஹெக்டேர். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வருகிற இடங்கள். குளிர்காலத்தில் கண்டம் தாண்டி வருகிற விருந்தாளிகளும் உண்டு. பட்டம் கிடைத்ததில் சந்தோஷம்தான்.

ஆனால், குளம் என்பது தனியாக நிற்கிற பொருள் இல்லை. குளத்துக்குக் கீழே ஆயக்கட்டு இருக்கும்வரைதான் குளத்துக்கு மதிப்பு. வயல்காரர் தண்ணீர் கேட்பார். அவர் கேட்பதால் சானலைத் தூர் வாருவார்கள், மடையைப் பூட்டித் திறப்பார்கள், கரையைப் பார்ப்பார்கள். வயல் எல்லாம் பிளாட் ஆனபின் தண்ணீர் யார் கேட்பது? அங்கே வீடு கட்டியவர் கேட்பது நேர் எதிரான கேள்வி: ‘‘குளம் நிறைஞ்சா எங்க வீட்டுக்குள்ள தண்ணி வருது. ஷட்டரைத் திறங்க.’’ வயல்தான் குளத்தின் காவல்காரன். காவல்காரனை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, வாசலில் ராம்சர் போர்டு மாட்டினால் திருடன் பயப்படுவானா?

இது வெறும் பறவைப் பிரச்னை இல்லை என்பதை 2021 நவம்பர் வெள்ளம் சொன்னது. 2023 டிசம்பர் மழை மறுபடி சொன்னது. பெய்கிற மழையைப் பிடித்து வைக்கிற பாத்திரம் குளம் என்றால், வழிவதைத் தாங்குகிற தாம்பாளம் வயல். தாம்பாளத்தில் சிமென்ட் பூசி வீடு கட்டினால், வழிகிறது படுக்கையறைக்குத்தான் வரும். 1906-ல் பேச்சிப்பாறை அணையைக் கட்டி நாஞ்சில் நாட்டைத் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக வைத்திருந்தார்கள். நாம் அதைத் திருநெல்வேலியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வீட்டு மனை தேடி வருகிறவர்களுக்கான ஷோரூமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் இல்லையா என்பீர்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று தடை போட்டது. விளைநிலம் மனையாவது நிற்கும் என்று நம்பினோம். 2017-ல் அரசு என்ன செய்தது? ஏற்கெனவே போட்ட மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும் திட்டம் கொண்டுவந்தது. அதாவது, தப்பு செய்தால் ரசீது கிடைக்கும்.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். நெல்வயலையும் ஈரநிலத்தையும் பாதுகாக்க அவர்கள் 2008-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். 2018-ல் அதைத் திருத்தி ஓட்டையும் போட்டார்கள், மறுக்கவில்லை. அங்கேயும் மயில் வந்துகொண்டுதான் இருக்கிறது, அதையும் மறுக்கவில்லை. ஆனால், 2020-ல் இன்னொன்றும் செய்தார்கள். வயலை வயலாகவே வைத்திருக்கிற உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகை. தொகை சின்னதுதான். சொல்கிற செய்தி பெரிசு. ‘உன் வயல் உனக்கு மட்டும் சோறு போடவில்லை. ஊருக்கு வெள்ளத்தைத் தடுக்கிறது, கிணற்றுக்குத் தண்ணீர் தருகிறது. அதற்கு ஊர் காசு கொடுக்கும்’ என்று ஒரு அரசாங்கம் கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. மொழிக்காகப் போராடி, உயிர் கொடுத்து, இந்தப் பக்கம் வந்து சேர்ந்த ஜில்லா இது. எங்கள் வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மரியாதை இந்தப் பக்கம் இல்லை என்று சொல்ல வைக்காதீர்கள்.

எனவே, கோரிக்கைகள்.

ஒன்று. தட்டை எடுங்கள். காக்காய்க்கு ஒரு பிடி வைப்பதை யாரும் குறை சொல்லவில்லை. அது ஒரு பிடிதான். மூட்டையாக அரிசி வாங்கி மயில் வளர்ப்பது பக்தியும் இல்லை, பறவை நேசமும் இல்லை. வெயில் காலத்தில் தண்ணீர் வையுங்கள், தினம் கழுவி வையுங்கள், போதும். தோட்டத்தில் ஒரு முருங்கை, ஒரு கொய்யா, ஒரு செம்பருத்தி நட்டால் குருவிகள் தானாக வரும்.

இரண்டு. மயில் தின்ற நெல்லுக்கும் யானை மிதித்த வாழைக்கும் ஒரே தராசு வேண்டும். தேசியப் பறவை என்று அறிவித்தது தேசம். அதற்குச் சாப்பாடு போட வேண்டியதும் தேசம். தாழக்குடிக்காரர் ஒருவர் மட்டும் அல்ல. மனு, போட்டோ, பட்டா நகல், கையெழுத்து என்று அலையவிடாமல், குத்தகைக்காரருக்கும் கிடைக்கிற மாதிரி, அறுப்புக்குள் கைக்கு வரவேண்டும்.

மூன்று. நஞ்செய் நஞ்செய்யாகவே இருக்கத் தமிழ்நாட்டிலும் ஒரு சட்டம் வேண்டும். தடை மட்டும் போட்டால் போதாது. வயலை வைத்திருக்கிறவருக்கு வருமானமும் வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர், நியாயமான விலை, வயலை வைத்திருப்பதற்கே ஒரு தொகை. இல்லாவிட்டால் சட்டத்தை மதித்து அவர் பட்டினி கிடப்பார், நாம் பச்சை வயலைப் பார்த்துக்கொண்டே கார் ஓட்டுவோம்.

நான்கு. ராம்சர் குளங்களைக் காப்பது என்றால் குளத்தோடு அதன் சானலையும் ஆயக்கட்டையும் சேர்த்துக் காக்க வேண்டும். கரையில் வேலி போட்டுப் பெஞ்சு வைப்பது பூங்கா. ஈரநிலம் அல்ல.

ஐந்து. எண்ணுங்கள். மயிலைப் போட்டோ எடுக்கிற அதே மொபைலோடு, பொங்கல் லீவில் கால் மணி நேரம் உங்கள் புழக்கடையில் நின்று, வருகிற எல்லாப் பறவையையும் எண்ணி எழுதுங்கள். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். மேலே சொன்ன அந்த 2023 அறிக்கையே சுமார் முப்பதாயிரம் சாதாரண ஆட்கள் எழுதி அனுப்பிய குறிப்புகளை வைத்துத் தயாரித்ததுதான். காக்காய் எத்தனை, மைனா எத்தனை, கொக்கு எத்தனை என்று எழுதினால்தான், அடுத்த வருஷம் எது காணாமல் போனது என்று தெரியும். மயிலை மட்டும் எண்ணுவது, லாபக் கணக்கை மட்டும் காட்டி நஷ்டக் கணக்கை ஒளிக்கிற கம்பெனியின் வேலை.

இதையெல்லாம் சொன்னால், ‘‘மயிலுக்கே போர்வை கொடுத்த பரம்பரை நம்ம பரம்பரை. ஒரு பிடி அரிசிக்குக் கணக்குப் பார்க்கிறீரே!’’ என்று கேட்கிற தமிழ்ப் பற்றாளர்கள் உண்டு. பேகனைத்தான் சொல்கிறார்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவர். குளிரில் மயில் நடுங்குகிறது என்று நினைத்துப் போர்வையைக் கொடுத்தவர்.

நல்ல உதாரணம். ஆனால், ஒரு சின்ன விவரத்தை விட்டுவிடுகிறீர்கள்.

பேகன் கொடுத்தது பேகனுடைய போர்வை.